ஒரே கட்டுரைக்கு ஒரே புள்ளி: முன்னோட்டத் தேர்வைச் சீராகத் திருத்துவது எப்படி?

மலேசியாவில் 2021-இல் யு.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டு) தேர்வும் 2022-இல் பி.டி.3 (மூன்றாம் படிவம்) தேர்வும் நீக்கப்பட்ட பிறகு, நம் மாணவர்கள் சந்திக்கும் முதல் பெரிய பொதுத்தேர்வு, ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். ஆகிவிட்டது. எந்தப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது என்பதை அவர்கள், அதற்கு முன் பள்ளியில் நடக்கும் முன்னோட்டத் தேர்வின் புள்ளியை நம்பியே முடிவுசெய்கிறார்கள். அந்தப் புள்ளி, தாளைத் திருத்தியவரைப் பொறுத்து மாறுவது அநீதி.

தமிழ்மொழிக்கு ஓர் ஆசிரியர் மட்டுமே உள்ள இடைநிலைப்பள்ளியில் கற்பித்தவரே திருத்தவும் செய்கிறார். ஆகவே, பினாங்குத் தீவிலும் அதே மாநிலத்தின் செபராங் பிறையிலும் உள்ள சில பள்ளிகளின் தமிழ்மொழிப் பணித்தியங்கள் (பாட ஆசிரியர் குழுக்கள்) சேர்ந்து, பொது வினாத்தாள் ஒன்றைத் தயாரித்து, விடைத்தாள்களைத் தங்களுக்குள் மாற்றித் திருத்துவதே நல்லது. மாணவரின் பெயரையும் பள்ளியையும் மறைத்து எண் மட்டும் இடுங்கள்.

திருத்தத் தொடங்குமுன் நடத்தும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தை எக்காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தபோது, நூற்றுக்கு 64 முதல் 98 வரை புள்ளிகள் வந்தன. புள்ளி வழங்கும் முறை அச்சில் இருந்தாலும், ‘சிறந்த மொழிநடை’ என்ற தொடரை ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதமாகத்தான் வாசிக்கிறார். எனவே சிறப்பு, நடுத்தரம், நலிவு எனப் பல தரத்துக் கட்டுரைகளைப் படியெடுத்து, ஒருவர் இட்ட புள்ளி மற்றவருக்குத் தெரியாதபடி அனைவரும் திருத்த வேண்டும். பிறகு வேறுபட்ட இடங்களில் காரணத்தைக் கேட்டு, எழுத்துப்பிழைக்கு எவ்வளவு கழிப்பது, மரபுத்தொடரை வலிந்து புகுத்திய கட்டுரையை எப்படி மதிப்பது போன்றவற்றை முடிவுசெய்து எழுதி வைக்க வேண்டும். மூத்த ஆசிரியர் தம் புள்ளியைக் கடைசியில் சொல்லட்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மரியாதைக்காக இணங்கிவிடுவார்கள், உண்மையான வேறுபாடு மறைந்துவிடும்.

திருத்தும்போது ஒரு மாணவரின் தாள் முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்காமல், எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வி, பிறகு இரண்டாம் கேள்வி என்று செல்லுங்கள். முதல் விடை தந்த நல்லெண்ணம் அடுத்த விடைக்கும் ஒட்டிக்கொள்வதை இது தடுக்கும். கட்டுரையை இருவர் தனித்தனியே திருத்தட்டும். 30 புள்ளிக் கட்டுரையில் 3 புள்ளிக்கு மேல் வேறுபாடு வந்தால், சராசரி எடுத்துச் சமாளிக்காமல் மூன்றாமவரிடம் கொடுங்கள். இடையிடையே, ஏற்கெனவே புள்ளி முடிவான தாள் ஒன்றை விடைத்தாள் கட்டுக்குள் கலந்துவிட்டால், களைப்பில் யார் இறுகிவிட்டார், யார் தளர்ந்துவிட்டார் என்பது தெரிந்துவிடும்.

தர எல்லைகளை வகுப்பில் இத்தனை பேருக்கு A கிடைக்க வேண்டும் என்ற கணக்கில் வகுக்கக் கூடாது. சென்ற ஆண்டின் எல்லையையும் கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுக்க வேண்டாம். வினாத்தாள் கடினமாக அமைந்திருந்தால் அதே திறன் குறைந்த புள்ளியில் வெளிப்படும். சென்ற ஆண்டு எல்லைக்கோட்டில் நின்ற தாள்களை இவ்வாண்டுத் தாள்களுடன் அருகருகே வைத்துப் படித்து, எந்தப் புள்ளியில் தரம் ஒத்துவருகிறது என்று பாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு தரத்தின் எல்லையிலும் சில தாள்களை, புள்ளிக்கான காரணத்துடன், பணித்தியக் கோப்பில் ஆண்டுதோறும் சேர்த்து வையுங்கள்.