பானெட்டுக்குள் துரு: எதைத் தேய்க்கலாம், எதைத் தொடவே கூடாது

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் வெட்டவெளியில் நிற்கிற காரின் பானெட்டை ஓரிரு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், அங்கங்கே காவி நிறம் தட்டியிருக்கும். போல்ட் தலைகள், பிராக்கெட்டுகள், பானெட் லாக், இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எதுவும் தப்பாது. கடற்காற்றோடு வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சென்னை இரவுகளில் இது சாதாரணம். ஒரு சொட்டு மழை படாத வண்டியிலும் துரு ஏறுவது இதனால்தான்.

பார்த்ததும் பதறி உப்புத்தாளும் ஸ்ப்ரே டப்பாவும் வாங்கப் போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். இன்ஜின் அறையில் துரு கெடுக்கிற பாகங்களைவிட, துருவை எடுக்கப் போய் நாம் கெடுக்கிற பாகங்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

எல்லாத் துருவையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. ஷோரூமிலிருந்து வந்த சில வாரங்களிலேயே பழுப்பேறிவிடும். கனமான இரும்பு என்பதால் அந்த மேல்துரு அதை ஒன்றும் செய்யாது, வண்டி உள்ளவரை அப்படியே ஓடும். நிறுத்தி வைத்த வண்டியின் பெல்ட் புல்லியில் தெரியும் லேசான துருவும், இன்ஜின் ஓடினால் பெல்ட் உராய்ந்தே போய்விடும். இவற்றை விட்டுவிடுங்கள். மெல்லிய தகடு என்றால் கதை வேறு. முன் சஸ்பென்ஷனின் தலைப்பகுதி வந்து உட்காரும் இடம், அதை ஒட்டிய ஏப்ரன் தகடு (இன்ஜின் அறையின் பக்கச் சுவர்), அவற்றின் வெல்டிங் இணைப்புகள் ஆகியவற்றில் பெயின்ட் கொப்புளித்திருந்தால், ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ‘டங்’ என்று கெட்டியாக நின்றால் மேல்துரு. பொருபொருவென்று உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அது பெயின்ட் வேலை அல்ல. தகட்டை வெட்டி வெல்டிங் வைக்கும் டிங்கரிடம் போக வேண்டிய வேலை. பிரேக் பைப்பும் அப்படித்தான். மேலே லேசாக நிறம் மாறியிருந்தால் கவனித்து வரலாம். செதில் செதிலாக வந்தால் மாற்றுவதுதான் வழி. அதை உப்புத்தாளால் தேய்த்து இன்னும் மெல்லியதாக்குவதைப் போன்ற ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது துருவே அல்ல. துத்தநாக முலாம் பூசிய போல்ட் மேல் வரும் வெள்ளைப் பொடியும் முலாம் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்தான். அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி பளபளவென்று ஆக்கினால் முலாமும் சேர்ந்து போகும். அடுத்த மழைக்காலத்தில் அதே போல்ட் செக்கச்செவேல் என்று நிற்கும்.

துரு எப்படி வந்தது என்று கேட்காமல் துடைத்துவிடுவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு. ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். டிரைவர் பக்கம், இன்ஜின் அறைக்கும் கார் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரை ஒட்டி, கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய வட்டமான டப்பா இருக்கும். அதுதான் பிரேக் பூஸ்டர். அதன் முன்னால் மாஸ்டர் சிலிண்டர், அதன் தலையில் பிரேக் ஆயில் டப்பா. பூஸ்டர் முழுக்க கறுப்பு பெயின்ட் நன்றாக இருந்து, மாஸ்டர் சிலிண்டர் இணையும் இடத்துக்குக் கீழே மட்டும் பெயின்ட் தோல் உரிந்து துரு கோடாக வழிந்திருந்தால், அது கடற்காற்றின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும். சிலிண்டரின் பின்பக்க சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, பெயின்ட்டைத் தின்ற இடத்தில்தான் துரு உட்கார்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றும்போது மேலே சிந்தியதும் இதைச் செய்யும். எதுவென்று தெரிய, துடைத்துவிட்டு சில நாள் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். இறங்கினால் உடனே மெக்கானிக்கிடம் போங்கள். இதைக் கவனிக்காமல் அந்த இடத்தைத் தேய்த்து கறுப்பு பெயின்ட் அடித்து மூடினால், பிரேக் கொடுத்த எச்சரிக்கையை நாமே அழித்தவர்களாவோம்.

பேட்டரிக்குக் கீழே உள்ள துருவும் இப்படி ஒரு தகவல்தான். அங்கே வந்திருப்பது ஆசிட். வெறும் தண்ணீர் போதாது. முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, பேட்டரியை இறக்கி, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அந்தத் தகட்டின் மேல் ஊற்றுங்கள். நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவி, காய்ந்த பிறகுதான் துருவில் கை வைக்க வேண்டும். ஆசிட் மிச்சமிருக்க மேலே பெயின்ட் அடித்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும்.

அப்புறம், வாட்டர் வாஷ். பிரஷர் பம்ப் தண்ணீர், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், வயர் கனெக்டர் என்று எதற்குள்ளும் புகும். அன்றைக்கு வண்டி ஓடும். உள்ளே போன ஈரம் பின்களில் பச்சை பிடித்து, மாதங்கள் கழித்து செக் இன்ஜின் விளக்காக எரியும். சூடான மேனிஃபோல்டில் பச்சைத் தண்ணீர் அடித்தால் விரிசலே விடலாம். கழுவிய பிறகு ‘ஷைனிங்’ வேண்டும் என்று டீசல் கலந்து அடிக்கும் பழக்கம் இன்னும் பல சர்வீஸ் நிலையங்களில் இருக்கிறது. ரப்பர் ஹோஸும் பெல்ட்டும் அதில் ஊறி உப்பிப்போகும், எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டும், தீ அபாயம் வேறு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்ஜின் ஆறியதும் ஈரத்துணி, பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஷாம்பு. இன்ஜின் அறைக்கு அது போதும்.

சரி, பிராக்கெட், பானெட் லாக், பேட்டரி கிளாம்ப் மாதிரி தேய்க்கத் தகுந்தவற்றைத் தேய்க்கலாம். முடிந்தால் கழற்றி வெளியே எடுத்து வைத்துத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் பானெட் பக்கம் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து முறியும் இழைகள் ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளை வழியே உள்ளே போனால் ஷார்ட் ஆகும். அலுமினியத்தில் குத்தி நின்றால் அந்த இழையே துருப்பிடித்து புதுக்கறை வைக்கும். ஏர் ஃபில்டர் பைப் கழன்றிருக்கும்போது தேய்க்கவே கூடாது. பித்தளை பிரஷ், பிறகு 120, 240 நம்பர் உப்புத்தாள், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். இவ்வளவு போதும்.

ரஸ்ட் கன்வர்ட்டர் பெரும்பாலும் பாஸ்பாரிக் அல்லது டானிக் அமிலம். இரும்போடு இறுகப் பிடித்த மெல்லிய துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும். உதிர் துருவின் மேலோ, கிரீஸ் மேலோ தடவினால் காசுக்குக் கேடு. அலுமினியத்திலும் நல்ல பெயின்ட்டிலும் சிந்தவிடாதீர்கள். கறுப்பானதும் வேலை முடிந்தது என்று விடுவதும் தவறு. அதற்கு மேல் ப்ரைமர், பெயின்ட் கட்டாயம்.

பெயின்ட்டில் நம் ஊர்ப் பழக்கம் ரெட் ஆக்சைடு. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அருமையான சரக்கு. மேனிஃபோல்டில் அடித்தால் புகைந்து, நாறி, உரிந்து விழும். அழகுக்காக அங்கே அடித்தே ஆக வேண்டுமென்றால் 600 டிகிரி தாங்கும் பெயின்ட் வாங்கி, எண்ணெய்ப் பசை இல்லாத வெற்று இரும்பில் அடித்து, டப்பாவில் எழுதியிருக்கிறபடி படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். எங்கு அடித்தாலும் பாடியில் எர்த் வயர் இணையும் இடம், போல்ட் மரை, புல்லி வரி மூன்றிலும் பெயின்ட் படக்கூடாது. எர்த்தில் பட்டால் ஸ்டார்ட்டிங் கோளாறு வரும், அதற்குப் போய் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

டபிள்யூ.டி-40 அடித்தால் துரு வராது என்று நம்புகிறவர்களும் ஏராளம். டபிள்யூ.டி. என்றால் ‘வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்’, பெயரிலேயே இருக்கிறது, அது நீரை விரட்டும் திரவம். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் அந்தப் படலம் நெடுநாள் நிற்காது. பானெட் லாக்கில் துருவை இளக்க அது நல்லது, இளகிய பிறகு துடைத்துவிட்டு கிரீஸ் வையுங்கள். பெல்ட் மேல் மட்டும் எதையும் அடிக்காதீர்கள்.

மேனிஃபோல்டின் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டின் துருப்பிடித்த போல்ட்டை வேகத்தில் முறுக்குவதும் வழக்கமான விபரீதம். சின்ன போல்ட், தலை சட்டென்று முறியும். மிச்சத்தை எடுக்க லேத் பட்டறை வரை போக வேண்டிவரும். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஆறு முனை சாக்கெட் போட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மாற்றி மாற்றி எடுங்கள்.

பழைய கார் வாங்கப் போனால் இன்னொன்று. பானெட்டுக்குள் மட்டுமல்லாமல் சீட் அடியிலுள்ள போல்ட்டிலும், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிராக்கெட்டிலும் ஒரே மாதிரி துரு தெரிந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சமா நஞ்சமா?

வெளியே இத்தனை தேய்த்துவிட்டு, ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கூலன்ட்டில் துருத் தடுப்பு ரசாயனம் இருக்கிறது, வெறும் தண்ணீரில் இல்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க்கைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ இல்லாமல் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிட்டது. ஃப்ளஷ் செய்து, உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்ன வகை கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள். பழைய வண்டியில் அழுக்கு அடைத்திருந்த ஓட்டை ஃப்ளஷ் செய்ததும் ஒழுக ஆரம்பிக்கலாம். அதனால் முதல் வாரம் தினமும் காலையில் டேங்க் மட்டத்தைப் பாருங்கள், வண்டி நின்ற இடத்தில் தரையையும் ஒரு பார்வை பாருங்கள்.