நீரடிக் கேமராவைச் சமநிலைப்படுத்துதல்
நீரடிக் காணொளிக்குக் கேமரா உறையைத் தேர்ந்தெடுக்கும்போது, கரையில் அது எவ்வளவு கனக்கிறது என்பதைவிட, நீருக்குள் எப்படி நிற்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். உறையை நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் நீர் புகுந்துவிடும் என்பதால், அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் துடைத்த பிறகே உறையை மூடுங்கள். விளக்குகளையும் மிதவைகளையும் பூட்டி, தொட்டி நீரில் இறக்கி, மெல்லக் கையை விடுங்கள். அகலக்கோண வில்லைக்கு முன்னுள்ள அரைக்கோளக் கண்ணாடிக்குள் காற்று நிறைந்திருப்பதால் முன்பக்கம் மேலெழும். மிதவைகளைப் பின்னுக்கு நகர்த்தினால், அல்லது முகப்பின் அடியில் சிறு ஈயத்துண்டைக் கட்டினால், மணிக்கட்டு வலிக்காது. கடல்நீர் நன்னீரைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் கனமானது. ஆகவே 8 லிட்டர் நீரை விலக்கும் அமைப்பு, நன்னீர்த் தொட்டியில், நீருக்குள் 200 கிராம் எடை காட்டி மூழ்கினால், கடலில் ஏறக்குறையச் சமநிலையில் நிற்கும். சற்றே மூழ்கும் அமைப்பையே நான் விரும்புகிறேன். மணலில் வைத்தால் அது அசையாது. மென்மையான நுரை மிதவைகள் ஆழத்தில் அமுங்கித் தூக்குதிறனை இழக்கும். ஆழமாக இறங்குவோர் கெட்டியான மிதவைகளையே வாங்க வேண்டும்.