கடற்கரைக் கோயிலில் கல்லின் அரிப்பைப் படமெடுக்க

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் தனி அழகே உப்புக்காற்று அரித்த அந்தக் கருங்கல்தான். அதன் சொரசொரப்பு படத்தில் தெரிய, வெளிச்சம் சுவரை உரசியபடி பக்கவாட்டில் விழ வேண்டும். கிழக்குச் சுவரில் காலை வெயில் நேராக அடிப்பதால் குழிகளில் நிழல் விழாது, படம் தட்டையாகிவிடும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்காக உதிப்பதால் தெற்குச் சுவருக்குப் போங்கள். ஜூனில் வடக்குச் சுவர். உதித்த முதல் ஒரு மணி நேரமே சிறந்தது.

கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள், சாய்ந்தால் ஓரம் மங்கும். லென்ஸின் துளை அளவு எஃப்/8, ஒளியை உணரும் திறன் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் வேகம் 1/125 நொடி அல்லது அதைவிட விரைவாக. செல்போன் என்றால் ஃபிளாஷை அணைத்து, திரையில் கல்லைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள்.

லென்ஸில் படியும் மணலையும் உப்பையும் புளோயரால் (காற்றை ஊதும் ரப்பர் பந்து) ஊதிய பிறகே துணியால் துடைக்கவும். நேரடியாகத் துடைத்தால் கீறல் விழும்.