முகாம் உதவிப்பணியில் மேற்பார்வையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போரோ வெள்ளமோ நிலநடுக்கமோ, இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் முகாம்களில் பாலியல் வன்முறைக்கும் குடும்ப வன்முறைக்கும் ஆளானவர்களுக்கு உதவ ஒரு சிறு குழு அமைக்கப்படும். அதில் கேஸ் ஒர்க்கராக, அதாவது பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்து உதவும் பணியாளராக, நன்றாக வேலை செய்யும் ஒருவரைச் சில மாதங்களிலேயே மேற்பார்வையாளர் ஆக்கிவிடுவார்கள். அன்று முதல் எல்லா முகாம்களிலும் ஒரே தவறுகள்தான் வரிசையாக நடக்கின்றன. பெயரை வெளியே சொல்லக் கூடாது, 'அந்த நேரத்தில் ஏன் அங்கே போனாய்' என்று கேட்கக் கூடாது என்பதெல்லாம் முதல் நாள் பயிற்சியிலேயே தெரிந்துவிடும் சங்கதிகள். அவற்றை விட்டுவிடுவோம். நல்ல எண்ணத்தோடு, திறமைசாலிகள் செய்கிற தவறுகளைப் பார்ப்போம்.

சிக்கலான கேஸைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வது

புதிய மேற்பார்வையாளர் முதலில் செய்வது இதைத்தான். பணியாளர் தடுமாறுவதைப் பார்த்ததும் 'நீ விடு, நான் பேசிக்கொள்கிறேன்' என்று இறங்கிவிடுவார். பாதிக்கப்பட்டவர் நடந்ததை இன்னொரு முறை, இன்னொரு முகத்திடம் சொல்ல வேண்டியதாகிறது. பணியாளருக்கோ, கடினமான கேஸ் வந்தால் கைமாற்றிவிடலாம் என்ற பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கேஸ் பணியாளரிடமே இருக்கட்டும். தேவைப்பட்டால் பாதிக்கப்பட்டவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் உடன் உட்காருங்கள். பணியாளர் மீதே புகார் வந்தாலோ, அவர் குற்றம் செய்தவரின் உறவினர் என்று தெரியவந்தாலோ, அப்போது கேஸை மாற்றத்தான் வேண்டும்.

'உண்மைதானா என்று ஒருமுறை நானே கேட்டுவிடுகிறேன்' என்று போவது இதைவிட மோசம். விசாரணை நம் வேலையில் சேராது. சொன்னதை நம்பிக்கொண்டு உதவியைத் தொடங்குவதுதான் முறை.

ரெஃபரல் சீட்டு எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

பாதிக்கப்பட்டவரை மருத்துவமனை போன்ற வேறு சேவைக்கு அனுப்பிவைப்பதுதான் ரெஃபரல். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் போகாத தவறு இது. இதன் விலையும் அதிகம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலியல் வல்லுறவுக்குப் பிறகு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் கெடு. அதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற வகை என்றால் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 14 நாளுக்குள் போட வேண்டும். இந்தக் கெடுக்கள் பணியாளர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் கேஸ் கோட்டைவிடப்படுகிறது. எப்படி என்று பாருங்கள்.

புதன் இரவு 9 மணிக்குச் சம்பவம். வியாழன் மாலை அந்தப் பெண் பெண்கள் மையத்துக்கு வருகிறார். பணியாளர் பொறுமையாகக் கேட்கிறார், சம்மதம் வாங்குகிறார், மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருகிறார். வெள்ளி காலை அந்தப் பெண் தனியாகப் போகிறார். வாசலில் காவலாளி, வரிசையில் நிற்பவர்கள் காதுபட, 'என்ன விஷயம்?' என்கிறான். உள்ளே எழுத்தர், போலீஸ் தாள் இருக்கிறதா என்கிறார். தட்டுத்தடுமாறி செவிலியரிடம் போய்ச் சேர்ந்தால், மருந்துப் பெட்டி பூட்டிய அறையில். சாவிக்காரர் திங்கள்தான் வருவார். திரும்பி வந்துவிடுகிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செவ்வாய் காலை வாராந்திர மேற்பார்வைக் கூட்டம். 'அந்த மருத்துவ ரெஃபரல் ஆயிற்றா?' 'ஆயிற்று.' கட்டத்தில் டிக். சனி இரவு 9 மணிக்கு 72 மணி நேரம் முடிந்துவிட்டது. திங்கள் இரவு 9 மணிக்கு 120 மணி நேரமும் முடிந்துவிட்டது.

காவலாளி, எழுத்தர், சாவிக்காரர் எல்லோர் மீதும் பழி போடலாம். ஆனால் வெள்ளி மதியமே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம். கேட்டிருக்க வேண்டியவர் மேற்பார்வையாளர். அவரோ செவ்வாய் வரை காத்திருந்து, கேட்டபோதும் தப்பான கேள்வியைக் கேட்டார்.

நேரக்கெடு உள்ள கேஸ் வந்தால் பணியாளர் அன்றைக்கே, பெயர் இல்லாமல், பெயருக்குப் பதிலாகக் கோப்பில் இடும் கோடு எண்ணை மட்டும் வைத்து, மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் மேற்பார்வையாளர் கேட்க வேண்டியவை: போய்ச் சேர்ந்தாரா? யாரைப் பார்த்தார்? என்ன கையில் கிடைத்தது? எப்படி நடத்தினார்கள்? கிடைக்கவில்லை என்றால் கெடுவுக்கு இன்னும் எத்தனை மணி நேரம், அதற்குள் வேறெங்கே கிடைக்கும்? இந்தப் பதில்கள் பாதிக்கப்பட்டவரிடமிருந்தே, அவர் ஒப்புக்கொண்ட வழியில் வர வேண்டும். இன்ன நேரத்தில் மையத்துக்கு வருவார் என்றோ, இந்த எண்ணில் இந்த நேரத்தில் மட்டும் கூப்பிடலாம் என்றோ முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். அவசரம் என்று மருத்துவமனைக்குப் போன் போட்டுப் பெயர் சொல்லி விசாரிக்கக் கூடாது.

அவர் விரும்பினால் பணியாளர் கூடவே போகட்டும். போக்குவரத்துக்கான பணம் மையத்திலேயே சில்லறையாக இருக்கட்டும். வவுச்சர் எழுதி, கையெழுத்து வாங்கி, மறுநாள் கொடுப்பது இந்த வேலைக்கு ஒத்துவராது.

அடுத்தது, வழியை முன்கூட்டியே நடந்து பார்ப்பது. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சுவரில் ஒட்டியிருக்கும் வழிகாட்டி அட்டை பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, முகாம் இடம் மாறும் காலமானால் வாரம் ஒருமுறை, எந்தக் கேஸும் இல்லாத நாளில் மேற்பார்வையாளரே போய்ப் பார்க்க வேண்டும். இரவில் கதவைத் திறப்பவர் யார்? வாசலில் என்ன கேட்கிறார்கள்? மருந்தின் காலாவதித் தேதி என்ன? சாவி எத்தனை பேரிடம்? பெண் மருத்துவர் எந்த நாட்களில் இருக்கிறார்? கட்டணம் கேட்கிறார்களா? வல்லுறவுக்குப் பிந்தைய சிகிச்சைக்கு வேண்டியவை 'கிட் 3' என்ற பெட்டியாகப் பேரிடர் பகுதிகளுக்கு வரும். பெட்டி வந்து சேர்ந்திருப்பது வேறு, அதைத் திறந்து வார்டில் வைத்திருப்பது வேறு. போலீஸ் புகார் இல்லாமல் சிகிச்சை தர வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஆனால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் உள்ள நாடுகளும் இருக்கின்றன. அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை, அந்தப் பெண் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கோப்பிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். 'ரெஃபரல் ஆயிற்று' என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு நான்கு கட்டம் போடுங்கள்: எடுத்துச் சொன்ன தேதி, அவர் ஒப்புக்கொண்ட தேதி, போய்ச் சேர்ந்த தேதி, உதவி கிடைத்த தேதி. இரண்டாவது கட்டத்தில் 'வேண்டாம் என்றார்' என்று வந்தால் அது தோல்விக் கணக்கில் சேராது, முடிவு அவருடையது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் தொடர்ந்து ஓட்டை விழுந்தால் கோளாறு மருத்துவமனையில் இருக்கிறது. அதைப் பெயர்கள் இல்லாமல், முகாமில் வேலை செய்யும் அமைப்புகளின் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எழுப்புவது மேற்பார்வையாளரின் வேலை.

நிதி கொடுப்பவர்களின் அறிக்கைப் படிவத்தில் 'ரெஃபரல்களின் எண்ணிக்கை' என்றுதான் கேட்கிறார்கள் என்பது உண்மை. அந்த எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதை வைத்து உங்கள் வேலையை நீங்களே எடைபோடாதீர்கள்.

கெடு தாண்டியவரிடம் 'லேட் ஆகிவிட்டது' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் இதன் தொடர்ச்சிதான். காயம், பால்வினைத் தொற்று, கர்ப்பம், மனநலம் எல்லாவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சம்பவம் நடந்து எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் அனுப்புங்கள்.

குழுக் கூட்டத்தையே மேற்பார்வை என்று நினைப்பது

ஒவ்வொரு பணியாளருக்கும் வாரம் ஒரு மணி நேரம், தனியாக, கதவு மூடிய அறையில், ஒரே நாளில் ஒரே நேரத்தில். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே 5 முதல் 8 பணியாளர்கள். ஒரு பணியாளர் கையில் ஒரே சமயத்தில் 20 கேஸுக்கு மேல் வேண்டாம். உயிருக்கு ஆபத்துள்ள கேஸ்கள் அதிகம் என்றால் அதிலும் குறைக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை பேசாதீர்கள். முதல் பத்து நிமிடம் பணியாளர் எப்படியிருக்கிறார் என்று. பிறகு இரண்டு அல்லது மூன்று கேஸை மட்டும் ஆழமாக. அதில் ஒன்றாவது அவர் தானாகக் கொண்டுவராத கேஸாக இருக்கட்டும். சரியாக அமையாமல் போன கேஸைப் பற்றிப் பணியாளர் தாமாகப் பேச மாட்டார்.

குழுவாகக் கேஸ் பேசும்போது பெயரை மட்டும் மறைத்தால் போதாது. 'தண்ணீர்க் குழாய் பக்கத்துக் கூடாரம், மூன்று பெண் பிள்ளைகள்' என்றால் முகாமில் பாதிப் பேருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கோப்பைத் திருத்திவிட்டு, பேச்சைக் கேட்காமல் விடுவது

கையெழுத்து அழகாக, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். அதை நிரப்புவதற்காகவே பணியாளர் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்திருப்பார். எதிரில் இருந்தவர் இரண்டாம் முறை வரவில்லை. பணியாளர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கோப்பு காட்டாது. நடித்துப் பாருங்கள்: மேற்பார்வையாளர் பாதிக்கப்பட்டவராக உட்கார, பணியாளர் சம்மதம் கேட்கும் பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் பேசட்டும். 'இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா' என்று ஆரம்பித்தால், எங்கே பிசகுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ரகசியத்தின் எல்லையைக் கடைசியில் சொல்வது

கதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, 'இதை நான் மேலே சொல்லியாக வேண்டும்' என்பது துரோகம். உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து, பிறருக்கு ஆபத்து, குழந்தைகள் தொடர்பாக அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துவது, குற்றம் செய்தவர் உதவி நிறுவனத்தின் ஆளாக இருப்பது ஆகியவற்றில் ரகசியத்துக்கு எல்லை உண்டு. கடைசியாகச் சொன்னதற்கு பாலியல் சுரண்டல் பற்றிய ஐ.நா. பொதுச்செயலாளரின் 2003 சுற்றறிக்கை அடிப்படை. பணியாளர் தன் வாயால் சொல்லிப் பழக வேண்டிய வாக்கியம்: 'நீங்க சொல்றது எனக்குள்ளேயே இருக்கும். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல இதைச் செஞ்சவர் உதவி அமைப்புல வேலை பார்க்கிறவர்னா, நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும். சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசுவேன்.' குழந்தைகள் பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதையும் இதே நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவியை உட்காரவைத்துச் சமரசம் பேசுவது

வேண்டாம். முகாம் தலைவர் கேட்டாலும் வேண்டாம்.

பெயரும் கோப்பும் ஒரே அலமாரியில்

பெயரும் கையெழுத்தும் உள்ள சம்மதத் தாள் ஓர் அலமாரியில், கோடு எண் மட்டும் உள்ள கோப்பு இன்னோர் அலமாரியில், சாவிகளும் தனித்தனி. கோப்பைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது. அவசரமாக வெளியேற நேர்ந்தால் எதை எடுத்துப் போவது, எதை எரிப்பது, யார் எரிப்பது என்று இன்றைக்கே எழுதி வைக்கவும்.

'தாங்கிக்கொள்வார்கள்' என்று விடுவது

பணியாளர்களில் பலர் அதே முகாமில் இடம்பெயர்ந்து வந்தவர்கள். சோர்வு முகத்தில் தெரிவதற்கு முன் வேலையில் தெரியும்: குறிப்புகள் தாமதமாகும், சந்திப்புகள் சுருங்கும், குறிப்பிட்ட ஒரே வகைக் கேஸ் தள்ளிப்போகும், சிலர் சொந்தக் காசைக் கொடுக்கத் தொடங்குவார்கள், இரவெல்லாம் போனை எடுப்பார்கள். ஒருநாள் லீவு கொடுத்து அனுப்புவதால் பெரிய பயன் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்குப் புதிய கேஸ் கொடுக்காமல் நிறுத்துங்கள். இரவு அழைப்புகளுக்கு முறை போட்டுப் பட்டியல் ஒட்டுங்கள். மேற்பார்வையாளருக்கும் மேலே ஒருவர் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பல அமைப்புகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நிதி முடிவதைக் கடைசி வாரத்தில் சொல்வது

திட்டம் முடியும் தேதி மேற்பார்வையாளருக்கு முன்பே தெரியும். தெரிந்த நாளிலேயே திறந்திருக்கும் கேஸ்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் முடிப்பதா, வேறு அமைப்பிடம் ஒப்படைப்பதா என்று பணியாளருடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒப்படைப்பதானால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் மறுபடி வாங்க வேண்டும். பழைய சம்மதம் புதிய அமைப்புக்குச் செல்லாது. முடிந்தால் புதிய பணியாளரும் பழையவரும் ஒரு சந்திப்பிலாவது சேர்ந்து உட்காரட்டும். மூடிய கோப்புகள் யார் பொறுப்பில், எத்தனை காலம், அதன் பிறகு எப்படி அழிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.