மண்டபம் கரையில் ஒரு ஹிஸ்பானிக் மரபு நாள்: நடத்தும் முறை

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதமாக, அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினரைப் போற்றும் மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1968இல் ஒரு வார விழாவாகத் தொடங்கி 1988இல் ஒரு மாதமாக நீண்டது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ் உள்ளிட்ட ஐந்து மத்திய அமெரிக்க நாடுகளின் விடுதலை நாள் செப்டம்பர் 15 என்பதால்தான் மாத நடுவில் தொடங்குகிறது. நம் கரையில் இதை நடத்த விரும்புவோர், காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் ஊர் நூலகத்தைக் கேட்டுப் பெறலாம்.

மெக்சிகோக்காரர் வேடம் என்று பெரிய தொப்பியும் ஒட்டு மீசையும் வேண்டாம். முதன்முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள், ஒருவருக்கும் ஒரு பெயர்கூட மனத்தில் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக, வாசலில் ஒரு முறம் நிறைய முண்டு மிளகாயைப் பரப்பி வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து மிளகாய்க்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்தான். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து சேர்ந்தது. அருகில் சீமைக் கருவேலங்கிளை ஒன்றையும் வைக்கலாம். நாம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் இம்மரத்தின் உறவான மெஸ்கீட் விறகில்தான் டெக்சாஸில் இறைச்சி சுடுகிறார்கள். அங்கு குதிரையேறி மாடு மேய்த்த மெக்சிகோ இடையர்களிடமிருந்தே அமெரிக்கக் கௌபாய்கள் சுருக்குக் கயிறு வீசக் கற்றனர் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நண்பகலுக்குத் தோர்த்தியா என்ற மெக்சிகோ மக்காச்சோள ரொட்டி. இதற்கு முந்தைய நாளே வேலை தொடங்கும். மருந்து கலக்காத காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவுக்கு, வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு தேக்கரண்டியும் தண்ணீர் மூன்று லிட்டரும் சேர்த்து, அலுமினியத்தில் அல்லாமல் எவர்சில்வர் பாத்திரத்தில் அரைமணிக்கு மேல் மெல்லக் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். காலையில் கையால் கசக்கினால் தோல் வழவழவென்று மஞ்சளாகக் கழன்று வரும். நன்கு அலசி, கெட்டியாக அரைத்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே தட்டிக் கல்லில் வாட்டி எடுக்கலாம். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்ற சத்து உடம்பில் ஒட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கும் நம்மவருக்கு உணவில் சுண்ணாம்பு சேர்வது புதிதாக இருக்காது.

உண்ட பிறகு மனிதர்களைப் பற்றிப் பேசலாம். 1993இல் விண்ணுக்குச் சென்ற எல்லன் ஓச்சோவா, 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர் ஆகியோருக்கு ஆளுக்கொரு படம் போதும். நேரம் கொடுக்க வேண்டியது பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர்களில் ஒருவரான டொலோரஸ் வெர்ட்டாவுக்கு. 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் மெக்சிகோ வம்சாவளியினர் சேர்ந்ததும், நாடெங்கும் மக்கள் திராட்சை வாங்க மறுத்ததும், 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் கதைபோல் சொல்லத் தக்கவை; வேலைநிறுத்தத்தில் விசைப்படகுகள் நாள்கணக்கில் கட்டிக் கிடப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, ஐந்தாண்டு கூலியின்றி நிற்பது என்னவென்று உடனே பிடிபடும்.

வெர்ட்டா 1972இல் தந்த முழக்கத்தைச் சுவரில் எழுதும்போது ‘ஸீ, ஸே புவேதே’ என்றே எழுதுங்கள். ஸ்பானிய மொழியில் ‘ஆம், முடியும்’ என்பது பொருள். நாங்கள் ‘சீ’ என்று எழுதியதால், யாரைத் திட்டுகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டுச் சிரித்து ஓய அரைமணி ஆயிற்று.