பழைய மெக்கின்டோஷுக்கு ஒரு நெட்வொர்க் கம்பி

இருபது வருடத்துக்கு மேல் நான் டிடிபி வேலை பார்த்தவள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டு மலர், எது வந்தாலும் ஒரே பெட்டியில்தான் அடிப்பேன். அது மெக்கின்டோஷ் எல்சி 475. ஆப்பிள் 1993ல் வெளியிட்ட, பீட்சா டப்பா மாதிரி தட்டையான கம்ப்யூட்டர் பெட்டி.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தபோது அச்சகத்தில் இடுப்பளவு தண்ணீர். பழைய பிரதிகள், ஃபிலிம், மாதிரிப் பத்திரிகை ஆல்பங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. பரணில் ஏற்றி வைத்திருந்ததால் மெக்கின்டோஷ் மட்டும் தப்பியது. அச்சக முதலாளி அண்ணாச்சி கடையை மூடிவிட்டு அதை என் வீட்டுக்கே அனுப்பினார். ஒரு வாரம் கழித்து போன். "ஏம்மா, மூத்தவ கல்யாணப் பத்திரிகை அதுக்குள்ளதான கெடக்கு? பேத்திக்கும் அதே பார்டர்தான் வேணுங்கா. எடுக்க முடியுமா பாரு."

எடுக்க வேண்டிய கோப்புகள் சுமார் 60 மெகாபைட். ஃபிளாப்பியில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும், அதுவும் இருந்த ஃபிளாப்பிகளில் பாதி பூசணம் பிடித்தவை. யூஎஸ்பி என்ற பேச்சே இல்லாத காலத்துப் பெட்டி. அதனால் நெட்வொர்க் கம்பி ஒன்றே வழி என்று முடிவு செய்தேன். நீங்களும் இப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு யோசிப்பவர் என்றால், நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை நெட்வொர்க் இல்லை, பெட்டியின் உடம்பு. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மீன் கழுவின வாடை வந்தால் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கின்றன. அந்தத் திரவம் செம்புக் கோடுகளை அரிக்கும். அந்த நிலையில் பவர் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். நான் போர்டைக் கழற்றி, எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் மொபைல் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். ஹாட் ஏர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது கைவந்த வேலை. பழைய கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு, போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, புதிது போட்டுக் கொடுத்தார். பவர் சப்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குள்ளும் கசியும். உங்கள் பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் பின்பக்க லேபிளில் எத்தனை வோல்ட் என்று படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். 110 மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

எல்சி 475க்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி, அரை ஏஏ அளவில் ஒன்று இருக்கும். அது செத்துவிட்டால் பெட்டி ஓடும், திரையில் படம் வராது. பலர் இதைப் பார்த்துப் பெட்டியே போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். போடாதீர்கள். சுவிட்சைப் போட்டு, சில விநாடி கழித்து அணைத்து, உடனே மறுபடி போட்டால் படம் வந்துவிடும். அப்புறம் புது பேட்டரி மாற்றுங்கள். பழைய பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்க வேண்டாம், அது கசிந்தால் போர்டே மிஞ்சாது.

சரி, இனி நெட்வொர்க் கார்டு. எந்த மெக்கின்டோஷ் என்பதைப் பொறுத்து வழி மாறும். 1991ல் வந்த குவாட்ரா 700 முதல் பல பெட்டிகளில் ஈதர்நெட், அதாவது கம்பி வழி நெட்வொர்க், உள்ளேயே இருக்கிறது. ஆனால் பின்பக்கம் நமக்குப் பழகிய ஆர்ஜே45 துளை இருக்காது, ஏஏயுஐ என்ற ஆப்பிளின் சொந்தத் துளை இருக்கும். அதில் டிரான்சீவர் என்ற சின்ன டப்பாவைச் செருகி, அந்த டப்பாவில்தான் கம்பியைச் செருக வேண்டும். எஸ்இ/30, எல்சி வகைகள், கலர் கிளாசிக் போன்றவற்றுக்கு உள்ளே கார்டு போட வேண்டும். எல்லா மாடலுக்கும் ஒரே கார்டு சேராது. எஸ்இ/30க்கானதை எல்சியில் போட முடியாது. வாங்கும்போது விற்பவரிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வேண்டியது எல்சி பிடிஎஸ் கார்டு, அதாவது எல்சியின் உள் ஸ்லாட்டில் செருகுவது. ஆர்ஜே45 துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன், டிரான்சீவர் தேடும் அலைச்சல் மிச்சம். ஆப்பிளே செய்த கார்டு கிடைத்தால் அதையே எடுங்கள். என் பெட்டியில் ஓடும் ஆப்பிள் இயங்குதளமான சிஸ்டம் 7.5.3ல் அதற்கான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இருக்கிறது. வேறு கம்பெனி கார்டு என்றால் டிரைவர் ஃபிளாப்பியையும் தேட வேண்டிவரும்.

கார்டு போடுவது ஐந்து நிமிட வேலை. பவர் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் இருக்கும் இரண்டு நாக்குகளையும் தூக்கினால் மூடி வந்துவிடும். பவர் சப்ளையின் இரும்பு உறையை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். ஸ்லாட்டில் நேராக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்துங்கள்.

கம்பியின் முனையில் பிளக்கைக் கடித்து, கிரிம்ப் செய்து கொடுத்தவன் என் அண்ணன் மகன். "அத்த, இதுல வைஃபை எங்க?" என்று முதலில் கேட்டவன் அவன்தான். நிற வரிசை வழக்கமானதுதான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இந்தக் கார்டு 10 மெகாபிட் வேகம். அதற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். எங்களுக்கு 6ஆவது சரியாகக் கடிபடவில்லை, டெஸ்டரில் வைத்த பிறகுதான் தெரிந்தது. கையில் டெஸ்டர் இல்லை என்றால் கடையில் ஒரு ரெடிமேட் கம்பி வாங்கிவிடுங்கள்.

கம்பியின் மறுமுனையை ரவுட்டரில் செருகியதும் அந்தத் துளையின் விளக்கைப் பாருங்கள். எரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எரியாவிட்டால் மென்பொருள் பக்கம் போகவே போகாதீர்கள். புதிய வேகமான துளைகள் சில 10 மெகாபிட்டை ஏற்காது. சாதாரண 10/100 சுவிட்ச் ஒன்றை நடுவில் வைத்தால் அது இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும்.

மென்பொருளுக்கு வருவோம். சிஸ்டம் 7.5.3ல் இரண்டு விதமான நெட்வொர்க் உண்டு. பழையது மேக்டிசிபி, புதியது ஓப்பன் டிரான்ஸ்போர்ட். எல்சி 475க்கு ஓப்பன் டிரான்ஸ்போர்ட் நன்றாகவே ஓடும். ஆப்பிள் எக்ஸ்ட்ராஸ் ஃபோல்டருக்குள் நெட்வொர்க் சாஃப்ட்வேர் செலக்டர் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து ஓப்பன் டிரான்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி கண்ட்ரோல் பேனல்களில் டிசிபி/ஐபி என்று ஒன்று தெரியும். அதில் கனெக்ட் வயா என்ற இடத்தில் ஈதர்நெட். கான்ஃபிகர் என்ற இடத்தில் டிஹெச்சிபி வைத்தால் ரவுட்டரே முகவரி கொடுக்கும். நான் மேனுவலியே வைத்துக்கொண்டேன். கோளாறு வரும்போது சந்தேகப்பட ஒரு இடம் குறைகிறது. ரவுட்டர் 192.168.1.1 என்றால் மெக்கின்டோஷுக்கு 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, ரவுட்டர் முகவரியும் நேம் சர்வரும் 192.168.1.1. உங்கள் வீட்டு ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரி வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்து எடுங்கள்.

இங்கேதான் எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. எல்லாம் சரியாகப் போட்டும், லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து பிங் அடித்தால், அதாவது இருக்கிறாயா என்று நெட்வொர்க்கில் கூப்பிட்டால், பதிலே இல்லை. கம்பியை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன். காரணம் ஒரே ஒரு டிக். ஓப்பன் டிரான்ஸ்போர்ட் ஏதாவது ஒரு புரோகிராம் கேட்கும்வரை டிசிபியை நினைவகத்தில் ஏற்றாமல் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிற பெட்டி பிங்குக்கு எப்படிப் பதில் சொல்லும்? டிசிபி/ஐபி பேனலைத் திறந்து, எடிட் மெனுவில் யூசர் மோடை அட்வான்ஸ்டு ஆக்குங்கள், ஆப்ஷன்ஸ் பட்டன் வரும். அதில் லோட் ஒன்லி வென் நீடட் என்ற டிக்கை எடுத்துவிட்டு, சேமித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி பிங் அடித்தபோது வரிவரியாகப் பதில் வந்தது. இரவு பதினொன்றரை மணிக்கு அண்ணன் மகனை எழுப்பிக் காட்டினேன்.

இனி கோப்புகளை நகர்த்துவது. அதற்கு எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை: லேப்டாப்பில் ஒரு எஃப்டிபி சர்வர், மெக்கின்டோஷில் ஃபெட்ச் என்ற எஃப்டிபி புரோகிராம். எங்கள் அச்சகத்து டிஸ்கில் ஃபெட்சும், கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஸ்டஃப்இட்டும் முன்னாலேயே இருந்தது என் நல்ல காலம். இல்லாதவர்கள் ஒரு தடவை மட்டும் ஃபிளாப்பியை நம்ப வேண்டியதுதான். 1.44 மெகாபைட் ஃபிளாப்பியை லேப்டாப்பில் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வைத்து எழுதலாம். டாஸ் ஃபார்மட்டாக இருந்தாலும் சிஸ்டம் 7.5ல் உள்ள பிசி எக்ஸ்சேஞ்ச் அதைப் படித்துவிடும். பழைய 400, 800 கிலோபைட் ஃபிளாப்பிகள் வேறு முறையில் எழுதப்பட்டவை, யூஎஸ்பி டிரைவ் அவற்றைத் தொடவே தொடாது.

டிடிபி வேலை பார்த்தவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். மெக்கின்டோஷ் கோப்புக்கு இரண்டு பாகம் உண்டு, டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க் என்று. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களின் சரக்கு ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான் இருக்கிறது. அப்படியே லேப்டாப்புக்குக் காப்பி செய்தால் அந்தப் பாகம் வழியிலேயே உதிர்ந்து, பூஜ்யம் பைட் கோப்பு ஒன்று வந்து நிற்கும். அதனால் ஃபெட்சில் அனுப்பும்போது ஃபார்மட்டை மேக்பைனரி என்று வையுங்கள். இரண்டு பாகமும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு, பெயருக்குப் பின்னால் .bin என்ற ஒட்டுடன் வரும். அதைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். பத்திரிகைக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு எழுத்துருவை விட்டால் பயனில்லை. அவை யூனிகோட் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய வகை எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் "நிகழும் மங்களகரமான" என்ற வரி ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். சிஸ்டம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஸ்டஃப்இட்டில் கட்டி அதைத்தான் நான் முதலில் அனுப்பினேன்.

எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் கம்பியில் போகும். வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ரவுட்டரில் வெளி வழி எதையும் திறந்துவிட வேண்டாம். வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் எஃப்டிபிக்குப் பதிலாக நெட்டாடாக் போடலாம், லேப்டாப்பை மெக்கின்டோஷுக்கு ஒரு கோப்பு சர்வராகக் காட்டும் மென்பொருள் அது. 2024ல் வந்த அதன் 4ஆம் பதிப்பில் ஆப்பிள்டாக் என்ற ஆப்பிளின் பழைய நெட்வொர்க் மொழி திரும்பவும் சேர்ந்துவிட்டது. மெக்கின்டோஷின் ஆப்பிள் மெனுவில் சூசரைத் திறந்து ஆப்பிள்ஷேரை அழுத்தினால் லேப்டாப்பின் பெயரே வந்து நிற்கும், எழுத்துருவின் இரண்டு பாகமும் தானாகவே காப்பாற்றப்படும். ஆனால் லேப்டாப்பையும் கம்பியிலேயே இணையுங்கள், பல வைஃபை ரவுட்டர்கள் ஆப்பிள்டாக்கைக் கடத்துவதில்லை. இணையத்தில் உலாவ நினைத்தால், இன்றைய தளங்களின் பாதுகாப்புப் பூட்டு (https) இந்தப் பெட்டிக்குத் திறக்காது.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசி சாயங்கால இடிக்கும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் பவர் கம்பியை மட்டும் பிடுங்கினால் போதாது. நெட்வொர்க் கம்பியையும் பிடுங்குங்கள். மாடிக்கும் கீழுக்கும் இழுத்த நீளமான கம்பி வழியாக மின்னல் அதிர்ச்சி உள்ளே வரும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ரவுட்டரும் டிவி பெட்டியும் ஒரே நேரத்தில் போயின. ரவுட்டர் நாளைக்கே கிடைக்கும், எல்சி கார்டு கிடைக்காது. கரண்ட் அடிக்கடி போகிற வீடு என்றால் ஒரு யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். காப்பி ஓடும்போது கரண்ட் போனால் பழைய டிஸ்க் தாங்காது.

அனுப்பி முடித்ததும் ஒரு கோப்பையாவது திரும்ப மெக்கின்டோஷுக்கே இறக்கித் திறந்து பாருங்கள். நான் இறக்கியது மூத்தவள் பத்திரிகையைத்தான். தாது வருடம், தை மாதம். நான்கு மூலையிலும் மாங்காய்க் கொடி, நடுவில் குத்துவிளக்கு, ஒரு புள்ளி கூட நகரவில்லை. அண்ணாச்சிக்கு போன் போட்டு வரிவரியாக வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டு விலாசம் வந்ததும், "கொஞ்சம் நிறுத்தும்மா, பேத்திய கூப்பிடுதேன், மொதல்லருந்து வாசி" என்றார்.