டிராகன் ரயில் ரோலர் கோஸ்டரா இல்லையா? போட்டோ எடுத்தே முடிவு பண்ற வழி

காரைக்குடிப் பக்கம் திருவிழாவுக்கு ராட்டினம் வந்து இறங்கியாச்சுன்னா எங்க வாட்ஸ்அப் குரூப்புல இதே சண்டைதான், டிராகன் ரயில ரோலர் கோஸ்டர் கணக்குல சேத்துக்கலாமா கூடாதான்னு. ஜெயன்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் கோஸ்டர் இல்ல, அதுல பேச்சே வேணாம். மத்ததுக்கு போட்டோவே போதும், ஆனா தூரத்துல நின்னு கலர் லைட்டோட எடுத்த படத்த வச்சு ஒன்னும் சொல்ல முடியாது.

1. வெளிச்சம் இருக்கும்போதே போங்க. கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி ஆபரேட்டர்கிட்ட "அண்ணே, தண்டவாளத்த மட்டும் ரெண்டு போட்டோ எடுத்துக்கறேன்"னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க. வேலிக்கு வெளிய நின்னு ஜூம் பண்ணுங்க, உள்ள போகாதீங்க. பொட்டல் புழுதி லென்ஸ்ல படிஞ்சிருக்கும், துடைச்சுட்டு எடுங்க.

2. முக்கியமான போட்டோ இதுதான், பொறுமையா எடுங்க. ஏத்தத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல என்ன இருக்குன்னு தெரியணும். செயின் ஓடுதுன்னா வண்டிய மேல இழுத்து விட்டுட்டு அப்புறம் அது தன் எடையிலயே இறங்கி ஓடுதுன்னு அர்த்தம், சின்னதா இருந்தாலும் அது கோஸ்டர்தான். செயின் இல்லாம கரண்ட் எடுக்கற பட்டை கூடவே போகுது, வண்டியில மோட்டார் இருக்கு, நிக்காம ரெண்டு மூணு சுத்து ஓடுதுன்னா அது பவர்டு கோஸ்டர். என்னக் கேட்டா அத தனி வகையா வைக்கணும், ராட்டினத்தோடயும் சேக்கக்கூடாது, மத்த கோஸ்டரோட கணக்குலயும் சேக்கக்கூடாது.

ஒரு கோஸ்டர் மரக் கோஸ்டரா ஸ்டீல் கோஸ்டராங்கறதும் தண்டவாளத்த வச்சுத்தான், தாங்கற சட்டத்த வச்சு இல்ல. அமெரிக்காவுல சீடர் பாயின்ட் பார்க்குல 1978ல வந்த ஜெமினிங்கற கோஸ்டருக்கு சட்டம் பூரா மரம், தண்டவாளம் ஸ்டீல், அதனால ஸ்டீல் கோஸ்டர். நியூயார்க் கோனி ஐலண்ட்ல இருக்கற சைக்ளோன் கோஸ்டர் 1927ல வந்தது, அதுக்கு சட்டம் ஸ்டீல், தண்டவாளம் பலகைய அடுக்கி மேல இரும்புப் பட்டை அடிச்சது, அது மரக் கோஸ்டர். நம்ம ஊர் வீட்டு முகப்புல தேக்குத் தூண் நிக்குதுன்னு அத மரவீடுன்னா சொல்றோம்?

3. ராத்திரி ஓடும்போது எடுக்கறவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் எல்ஈடி லைட்டு. படத்துல கருப்புக் கோடு வரிவரியா விழும், போன் கெட்டுப்போச்சோன்னு தோணும், அதெல்லாம் இல்ல, லைட்டு கண்ணுக்குத் தெரியாம விட்டு விட்டு எரியுது, ஷட்டர் வேகமா இருந்தா அது பதிஞ்சிடுது. ஆட்டோவ விட்டுட்டு ப்ரோ மோடுக்கு வந்து ஷட்டர 1/100 வைங்க, போகலன்னா 1/50, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால இந்த ரெண்டும்தான் சரிப்படும். ஓடற சீரியல் லைட்டுக்கு அதுவும் பத்தாது, 1/30 வச்சு வண்டியோடயே போன சீரா திருப்புங்க, வண்டி தெளிவா விழும் பின்னாடி இருக்கறது இழுவிக்கும். போன்ல ப்ரோ மோடு இல்லன்னா ஓப்பன் கேமராங்கற ஆப் போடுங்க, இலவசம்தான். பியூட்டி ஃபில்டர் ஆப் எதுவும் வேணாம், போல்ட்டு நட்டு எல்லாத்தையும் மழுப்பிடும்.

4. குரூப்புல டாக்குமெண்ட்டா அனுப்புங்க. சாதாரண போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், பெருசாக்கிப் பாத்தா செயினா பட்டையான்னு தெரியாது.

பின்சேர்க்கை: கால் தொங்கினா அது இன்வெர்டெட் கோஸ்டர், அதாவது தண்டவாளம் தலைக்கு மேல இருக்கற வகை தானேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இல்லீங்க. மகாராஷ்டிராவுல இமேஜிக்கா பார்க்குல இருக்கற நைட்ரோ கோஸ்டர்ல கால் தொங்கும், ஆனா தண்டவாளம் சீட்டுக்குக் கீழ இருக்கு, அது ஃப்ளோர்லெஸ், அதாவது காலுக்குக் கீழ தளம் இல்லாத வகை. தண்டவாளம் தலைக்கு மேல இருந்தாலும் ரெண்டு வகை இருக்கு, வண்டி இஷ்டத்துக்கு ஆடினா சஸ்பென்டெட், ஆடாம இறுக்கிப் பிடிச்சிருந்தா இன்வெர்டெட், அமெரிக்காவுல 1992ல வந்த பேட்மேன் தி ரைடு கோஸ்டர் மாதிரி. இதப் பாக்கறதுக்கு வளைவுல நேர் எதிர்ல நின்னு எடுக்கணும், தண்டவாளம் சாய்ஞ்ச அளவும் வண்டி சாய்ஞ்ச அளவும் ஒன்னா இருக்கான்னு பாருங்க. ஒரு படத்துல சந்தேகம் வரும், அதனால தொடர்ச்சியா படம் எடுக்கற பர்ஸ்ட் மோடுல வச்சு வரிசையா எடுத்து அப்படியே அனுப்புங்க.